டிராஃப்டில் எடுத்த ஆட்டக்காரரை அணி வேண்டாம் என்று விட முடியுமா?

நீங்கள் கேட்டது இது: 2021-இல் நியூயார்க் மெட்ஸ் அணி பேஸ்பால் டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கும் ஏற்பாடு) குமார் ராக்கர் என்ற பிட்சரைப் பத்தாவது ஆளாக எடுத்தது, ஆனால் ஒப்பந்தம் போடவில்லை. அடுத்த வருஷம் அதே டிராஃப்ட் வழியாக அவர் டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்குப் போனார். ஏலத்தில் எடுத்த ஆளை இப்படிப் பாதியில் விடலாம் என்றால் எடுத்ததற்கு என்ன அர்த்தம்? கூடவே, நியூ ஜெர்சியில் பத்தாம் வகுப்பு படிக்கும் உங்கள் அக்கா மகன் நன்றாகப் பந்து எறிகிறான், அவனும் ஒருநாள் இந்த வரிசைக்கு வருவானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது. டிராஃப்டில் எடுக்கப்பட்ட பையன் அந்த அணிக்குச் சொந்தமாகிவிடுகிறானா? இல்லை. அணிக்குக் கிடைப்பது ஆள் அல்ல, அந்த ஆளோடு பேசும் உரிமை. அந்த வருஷம் வேறு எந்த அணியும் அவனோடு பேரம் பேசக் கூடாது, அவ்வளவுதான்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். டல்லாஸுக்கு வடக்கே பதினான்கு வருஷமாக இருக்கிறேன். மகன் பள்ளி அணியில் சேர்ந்தபோது ஸ்கோர் புத்தகம் எழுத ஆளில்லை என்று என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். மகன் ஆட்டத்தை விட்டுவிட்டான், நான் இன்னும் விடவில்லை. அடிப்பவருக்குப் பின்னால், கம்பி வலைக்கு இந்தப் பக்கம் என் நாற்காலி. நல்ல பிட்சர் எறியும் நாளில் என் இரண்டு பக்கமும், அணிகளுக்காக ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் வந்து உட்கார்வார்கள். (சாரணர் என்று எழுதினால் காக்கி டவுசர்தான் நினைவுக்கு வரும், அதனால் ஸ்கவுட் என்றே எழுதுகிறேன்.) கையில் வேகம் அளக்கும் கருவி, மடியில் நோட்டுப் புத்தகம், வாயில் சூரியகாந்தி விதை. எனக்குத் தெரிந்ததில் பாதி அவர்கள் பேசிக் கேட்டது, மீதி விதிகளைப் படித்தது. நான் ஏஜென்ட்டும் அல்ல, டாக்டரும் அல்ல. எங்கே அது குறுக்கே வருகிறதோ அங்கே சொல்கிறேன்.

முதலில் ஏலத்தை மறந்துவிடுங்கள். ஐபிஎல் ஏலத்தில் பத்து அணியும் ஒரே ஆளுக்குக் கை தூக்கலாம், விலை ஏறும். டிராஃப்ட் என்பது நாம் தெருவில் ஆள் பிரித்த மாதிரி. இரண்டு கேப்டன்கள் நின்று மாறி மாறி ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்களே, அதுதான். இங்கே கேப்டன்கள் முப்பது பேர். சா பூ த்ரிக்குப் பதிலாக, போன வருஷம் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. வேண்டுமென்றே தோற்று முதலிடம் பிடிக்கிறார்கள் என்ற புகார் வந்ததால் 2023 டிராஃப்டிலிருந்து முதல் ஆறு இடங்களுக்குக் குலுக்கல் வைத்திருக்கிறார்கள். பிளேஆஃபுக்குப் போகாத 18 அணிகள் அதில் இருக்கும். மிக மோசமான மூன்று அணிகளுக்கும் சமமாக 16.5 சதவீத வாய்ப்பு. முதல் குலுக்கலில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் வென்று பால் ஸ்கீன்ஸை எடுத்தது.

நம் ஊரிலும் ஒருமுறை இது நடந்திருக்கிறது, பலருக்கு மறந்திருக்கும். 2008-இல் முதல் ஐபிஎல் தொடங்கும்போது 19 வயதுக்குட்பட்ட இந்திய அணிப் பையன்களை ஏலத்தில் விடாமல் டிராஃப்ட் முறையில்தான் பிரித்தார்கள். டெல்லி அணி தன் வாய்ப்பில் உள்ளூர்ப் பையன் விராட் கோலியை விட்டுவிட்டு பிரதீப் சங்வானை எடுத்தது. பெங்களூருக்குக் கோலி கிடைத்தார். டிராஃப்ட் என்றால் எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ள இந்த ஒரு உதாரணம் போதும்.

அமெரிக்காவில் இது 1965-இல் வந்தது. அதற்கு முன்னால் யாருக்குப் பணம் இருக்கிறதோ அவர்கள் பள்ளி வாசலிலேயே பையனை வளைத்துப் போடலாம். 1964-இல் ரிக் ரைகார்ட் என்ற கல்லூரி மாணவருக்கு ஏஞ்சல்ஸ் அணி 2 லட்சத்து 5 ஆயிரம் டாலர் கொடுத்தது. அந்தக் காலத்தில் பெரிய நட்சத்திரங்களின் வருஷச் சம்பளத்தைவிட அது அதிகம். முதலாளிகளுக்கு வயிற்றைக் கலக்கியது. அடுத்த ஜூனிலேயே டிராஃப்டைக் கொண்டுவந்தார்கள். முதல் ஆளாக ரிக் மண்டேவை எடுத்தது கான்சஸ் சிட்டி அத்லெடிக்ஸ். பலவீனமான அணிகளைக் கை தூக்கிவிடத்தான் இந்த ஏற்பாடு என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. ஒரு பையனுக்குப் பின்னால் ஒரே ஒரு அணி நின்றால் விலை ஏறாது என்பது மீதிப் பாதி. இது என் கருத்து. ஆனால் ரைகார்ட் ஒப்பந்தத்துக்கும் முதல் டிராஃப்டுக்கும் நடுவே ஒரு வருஷம்தான் இடைவெளி என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஆளிடம்தான் விற்கலாம் என்றால் பையனுக்கு என்ன பலம் இருக்கிறது? ‘விற்கவில்லை’ என்று சொல்வதுதான். அதைச் சொல்ல அவனுக்குப் போக்கிடம் வேண்டும், அதுதான் கல்லூரி. பள்ளி முடிக்கும்போது ஒருமுறை டிராஃப்டுக்கு வரலாம். பிடிக்கவில்லையென்றால் கல்லூரிக்குப் போகலாம். நாலு வருஷக் கல்லூரியில் சேர்ந்துவிட்டால் மூன்றாம் வருஷம் முடியும்வரை அல்லது 21 வயது ஆகும்வரை கதவு மூடியிருக்கும், அப்புறம் மறுபடி திறக்கும். மறுத்ததற்குத் தண்டனை எதுவும் இல்லை. ஐபிஎல்லில் ஏலம் முடிந்தபின் விலகிய ஹாரி புரூக்குக்கு இரண்டு வருஷத் தடை விதித்தார்கள். அங்கே பெயர் கொடுத்தாலே சம்மதம் என்று கணக்கு. இங்கே பையன் பெயர் கொடுப்பதே இல்லை. தகுதி வயது வந்தால் அணிகளாகவே பெயரைக் கூப்பிடுகின்றன, அதனால் மறுப்பதும் அவன் உரிமை.

மறுத்து ஜெயித்தவர் என்று எல்லோரும் காட்டுவது ஜெரிட் கோலை. 2008-இல் பள்ளி முடித்ததும் யாங்கீஸ் அணி அவரை 28-ஆவது ஆளாக எடுத்தது. சின்ன வயதிலிருந்து அந்த அணியின் ரசிகர், இருந்தும் வேண்டாம் என்று யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2011-இல் நாட்டிலேயே முதல் ஆளாக பிட்ஸ்பர்க் எடுத்தது. 2019 டிசம்பரில் அதே யாங்கீஸ் ஒன்பது வருஷத்துக்கு 32 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்துக் கூட்டிக்கொண்டு வந்தது. சொல்வதற்கு நல்ல கதை. ஆனால் கோல் ஒருத்தர்தான்.

நான் நேரில் பார்த்தது வேறு. 2017, டிராஃப்டின் மூன்றாம் நாள். அன்றைக்கு டிவி ஒளிபரப்பு கிடையாது, கம்ப்யூட்டரில் குரல் மட்டும் ஓடும். பக்கத்துத் தெருப் பையன் ஒருவனுக்கு நாலு வருஷமாக நான் ஸ்கோர் எழுதியிருந்தேன், அதனால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பாட்டு மேசை நடுவில் அவன் போன். ஃபிரிட்ஜ் கதவில் அவன் அப்பா ஒரு சீட்டு ஒட்டியிருந்தார். அதில் ஒரு எண், அதற்குக் கீழே கோடு. அதுக்குக் குறைந்தால் கையெழுத்து இல்லை, கல்லூரி. எண்ணை எழுதியது அப்பா, கோடு போட்டது அம்மா. மதியம் போன் அடித்தது. பேசியவர் வணக்கம்கூடச் சரியாகச் சொல்லவில்லை. “அடுத்து எங்கள் முறை. ஒரு லட்சம். போடுவாயா?” பையன் ஃபிரிட்ஜைப் பார்த்தான். சீட்டில் இருந்தது மூன்று லட்சம். “இல்லை சார், நன்றி” என்றான். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். அரை நிமிஷத்தில் கம்ப்யூட்டர் குரல் அதே அணியின் பெயரைச் சொல்லி வேறு ஒரு பையன் பெயரைப் படித்தது. எல்லோரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். கல்லூரியில் இரண்டாம் வருஷம் அவனுக்கு முழங்கை போயிற்று. அப்புறம் அந்த மாதிரி போன் வரவில்லை. இப்போது சிவில் இன்ஜினியர். அந்த ஒரு லட்சத்தைப் பற்றி அவனிடம் நான் கேட்டதில்லை.

அந்த போனில் ‘போடுவாயா’ என்று முன்கூட்டியே கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. 2012-லிருந்து ஒவ்வொரு அணிக்கும் இவ்வளவுதான் என்று ஒரு பணப்பை. முதல் பத்துச் சுற்றில் (எல்லா அணியும் ஒருமுறை எடுத்து முடித்தால் ஒரு சுற்று) ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மதிப்பு போட்டிருப்பார்கள், அணிக்கு வரும் இடங்களின் மதிப்பைக் கூட்டினால் அதுதான் பை. உள்ளுக்குள் எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாம், மொத்தம் தாண்டக் கூடாது. ஐந்து சதவீதம் வரை தாண்டினால் வரி, அதற்கு மேல் தாண்டினால் வருங்கால முதல் சுற்று வாய்ப்பே போய்விடும். வரி கட்டத் தயாராக இருக்கும் அணிகள் உண்டு, அந்த ஐந்தைத் தாண்டுகிற அணி கிடையாது. இதில் இன்னொரு கிடுக்கிப்பிடி: எடுத்த ஆள் கையெழுத்துப் போடவில்லையென்றால் அவன் இடத்துக்கான பணமும் பையிலிருந்து போய்விடும். அதனால்தான் கூப்பிடும் முன்பே விலை பேசி வைத்துக்கொள்கிறார்கள். டிராஃப்ட் அன்றைக்கு மேடையில் படிக்கப்படும் முதல் சுற்றுப் பெயர்களில் பலவற்றுக்குத் தொகை ஏற்கனவே முடிந்திருக்கும்.

இப்போது ராக்கர். தாய் வழியில் இந்திய வம்சாவளி, தந்தை டிரேசி ராக்கர் அமெரிக்கக் கால்பந்தில் பெயர் எடுத்தவர். 2018-இல் பள்ளி முடித்தபோது கொலராடோ ராக்கீஸ் 38-ஆவது சுற்றில் பெயரைப் படித்தது. அவர் கல்லூரிக்குத்தான் போவார் என்று எல்லோருக்கும் தெரிந்ததால்தான் அவ்வளவு கீழே போனார். (அப்போது 40 சுற்று இருந்தது, இப்போது 20.) வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் முதல் வருஷமே, 2019 ஜூனில், டியூக் அணிக்கு எதிராக ஒரு ஹிட்கூட, அதாவது அடித்துவிட்டு ஓடித் தளம் சேரும் ஒரு அடிகூட, கொடுக்காமல் 19 பேரை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) செய்தார். நாக் அவுட் கட்டத்தில் அது. அந்த வருஷம் வாண்டர்பில்ட் கோப்பை வென்றது, அவர்தான் தொடரின் சிறந்த வீரர். அப்படிப்பட்டவர் 2021-இல் பத்தாவது இடம் வரை இறங்கியதே யாரோ எதையோ சந்தேகப்பட்டார்கள் என்பதற்கு அடையாளம்.

இதில் உறுதியானவை இவை. மெட்ஸும் அவரும் 60 லட்சம் டாலருக்கு ஒத்துக்கொண்டார்கள். அந்த இடத்தின் மதிப்பு 47 லட்சம்தான். பின்னர் மருத்துவப் பரிசோதனை. அதற்குப் பிறகு மெட்ஸ் வாய் திறக்கவில்லை, ஆகஸ்ட் 1 கெடு முடிந்தது. டிராஃப்டுக்கு முன் அணிகளிடம் எம்.ஆர்.ஐ. படங்களைக் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு, கட்டாயமில்லை, ராக்கர் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால், மெட்ஸ் இட மதிப்பில் 40 சதவீதமாவது கொடுக்க முன்வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அவர் எந்த அணிக்கும் போகலாம். கொடுக்காததால் அந்தப் பாதுகாப்பு இல்லை. மெட்ஸுக்கு மட்டும் ஈடாக அடுத்த வருஷம் 11-ஆவது இடம் கிடைத்தது. ஒரு இடம்தான் நஷ்டம். ராக்கருக்கு நஷ்டம் ஒரு வருஷம்.

உறுதியில்லாதது, மெட்ஸ் டாக்டர்கள் படத்தில் என்ன பார்த்தார்கள் என்பது. அந்த அறிக்கை வெளியே வரவில்லை. தோளா முழங்கையா என்று இணையத்தில் அடித்துச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். வெளியே வந்த செய்தி, அந்த செப்டம்பரில் தோளில் ஒரு சின்ன அறுவை சிகிச்சை நடந்தது என்பது. ராக்கரின் ஏஜென்ட் ஸ்காட் போராஸ் அதை மறு வருஷம்தான் சொன்னார். 2023 மே மாதம் முழங்கைக்கு டாமி ஜான் அறுவை சிகிச்சை, அதாவது கிழிந்த தசைநாரை மாற்றுவது. இதை வைத்து ‘மெட்ஸ் சொன்னது சரியாகிவிட்டதே’ என்கிறவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். டாமி ஜான் இன்றைக்கு இளம் பிட்சர்களுக்குச் சர்வ சாதாரணம், படம் சுத்தமாக இருந்த பையன்களுக்கும் வருகிறது. அதே சமயம் அணியை வில்லன் ஆக்கவும் முடியாது. 2014-இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் முதல் ஆளாக எடுத்த பிரேடி எய்க்கனுக்கு முழங்கைத் தசைநாரைக் காட்டித் தொகையைக் குறைத்து, ஒப்பந்தம் நடக்காமல் போனபோது எல்லோரும் திட்டினார்கள். எய்க்கன் கடைசி வரை உச்ச மட்டமான மேஜர் லீகுக்கு வரவில்லை. ஈடாகக் கிடைத்த இடத்தில் ஹூஸ்டன் எடுத்தது அலெக்ஸ் பிரெக்மனை.

ராக்கர் கல்லூரிக்குத் திரும்பவில்லை. 2022 கோடையில் ட்ரை-சிட்டி வேலிகேட்ஸ் என்ற சின்னத் தனி லீக் அணியில் சில ஆட்டம் எறிந்து காட்டினார். ரேஞ்சர்ஸ் அவரை மூன்றாவது ஆளாக எடுத்தது, எல்லோருக்கும் அதிர்ச்சி. ஆனால் பணப்பைக் கணக்கைப் பாருங்கள். அந்த இடத்தின் மதிப்பு சுமார் 76 லட்சம், ராக்கர் வாங்கியது 52 லட்சம். பெரிய ஆட்டக்காரர்களை வாங்கியதற்கு அபராதமாக ரேஞ்சர்ஸுக்கு அந்த வருஷம் இரண்டாம், மூன்றாம் சுற்று கிடையாது. நாலாம் சுற்றில் பிராக் போர்ட்டர் என்ற பள்ளிப் பையன் இன்னும் மிச்சம் இருந்தான். முதல் சுற்றுக்கான ஆள், முதல் சுற்று விலை கேட்டதால் யாரும் தொடவில்லை. ராக்கரிடம் மிச்சம் பிடித்த பணத்தையும் சேர்த்து அவனுக்கு 37 லட்சம் கொடுத்தார்கள். ராக்கரை எடுத்ததற்கு இது மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இந்தக் கணக்கு இல்லாமல் நடந்திருக்காது என்பது என் ஊகம்.

இந்தக் கதைக்குப் பிறகு விதியும் மாறியது. 2022 முதல், முன்னணி 300 பேரில் ஒருவன் முன்கூட்டியே பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டால், எடுக்கும் அணி இட மதிப்பில் குறைந்தது 75 சதவீதம் கொடுத்தே ஆக வேண்டும். எடுத்த பிறகு ‘படம் சரியில்லை’ என்று கழற்றிவிட முடியாது.

எடுத்த ஆள் ஏன் உடனே டிவியில் வருவதில்லை என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். கீழே ஏணி இருக்கிறது: ரூக்கி, சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, ட்ரிபிள்-ஏ. இங்கே ஃப்ரிஸ்கோவில் இருப்பது ரேஞ்சர்ஸின் டபுள்-ஏ அணி. மைதானத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் குளம் மாதிரி ஓடும் தண்ணீரில் டியூப் போட்டு மிதந்துகொண்டே ஆட்டம் பார்ப்பார்கள். கீழே ஆடுகிற பையன்களில் பாதிப் பேருக்கு மேல் மேஜர் லீக் மண்ணை மிதிக்கவே போவதில்லை. ராக்கரும் இந்த வழியாகத்தான் ஏறி, 2024 செப்டம்பர் 12 அன்று சியாட்டிலில் முதல் ஆட்டம் ஆடினார். நாலு இன்னிங்ஸ், ஏழு ஸ்ட்ரைக் அவுட். டிராஃப்ட் வரிசையை வைத்து ஜோசியம் சொல்ல முடியாது. 1988-இல் 62-ஆவது சுற்றில், 1,390-ஆவது ஆளாக, டாட்ஜர்ஸ் அணி மேலாளர் டாமி லசோர்டாவின் குடும்ப நண்பர் வீட்டுப் பையன் என்று போனால் போகட்டும் என எடுக்கப்பட்ட மைக் பியாசா இன்று, பெரும் ஆட்டக்காரர்களுக்கு மரியாதை செய்யும் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். 1991-இல் முதல் ஆளாக 15 லட்சத்து 50 ஆயிரம் டாலர் வாங்கிய பிரையன் டெய்லர் சண்டை ஒன்றில் தோளைக் கெடுத்துக்கொண்டு ஒரு மேஜர் லீக் ஆட்டம்கூட ஆடவில்லை.

சரி, உங்கள் அக்கா மகன். டிராஃப்ட் அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிக்கோ மாதிரியான அமெரிக்கப் பகுதிகளில் வசிப்பவர்களுக்கு. எந்த நாட்டுப் பையன் என்பதைவிட எங்கே படிக்கிறான் என்பதுதான் கணக்கு, அதனால் அங்கே பள்ளி முடித்தால் அவனுக்கும் உண்டு. இந்தியாவிலிருந்து நேரே போனால் டிராஃப்ட் இல்லை, எந்த அணியும் ஒப்பந்தம் போடலாம். 2008-இல் பைரேட்ஸ் எடுத்த ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் அப்படிப் போனவர்கள்தான். (கொல்கத்தாவுக்கு ஆடுகிறவர் வேறு ரிங்கு. இவர் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர், பின்னால் மல்யுத்தத்துக்குப் போனார்.)

பத்தாம் வகுப்பில் ஏஜென்ட், ஸ்கவுட் என்று யோசிக்க வேண்டாம். இப்போதைக்கு அக்காவிடம் ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள். பள்ளி அணி, கிளப் அணி இரண்டிலும் ஆடுகிறான் என்றால் இரண்டு பயிற்சியாளரும் தனித்தனியாக எண்ணுவார்கள், கூட்டிப் பார்க்க மாட்டார்கள். மேஜர் லீகே வெளியிட்ட வழிகாட்டுதலில் 15, 16 வயதுக்கு ஒரு நாளில் 95 பந்துக்கு மேல் கூடாது, 76-ஐத் தொட்டாலே நாலு நாள் ஓய்வு. ஒரு சின்ன நோட்டு வாங்கி, தேதி போட்டு, அன்றைக்கு எத்தனை எறிந்தான் என்று அக்காவே எழுதி வைக்கட்டும்.